நாலில் ஒரு பங்கு கூரை

தாமிரபரணிக் கரையில் புத்தியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, எடுத்து மடித்து வைக்க மறந்துபோன குடும்பங்கள் சில உண்டு. நாழிக்குறிச்சி ஆவுடையப்பன் சகோதரர்கள் அந்த வகை. கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. யார் என்ன சொன்னாலும் கேட்பார்கள். கேட்டதை அப்படியே செய்வார்கள். ஊருக்குக் கஷ்டம் அதில்தான்.

மூத்தவர் ஆவுடையப்பன், யோசிப்பவர். நடுவுள்ளவன் சங்கிலி, அண்ணன் யோசித்ததைத் திரும்பச் சொல்பவன். இளையவன் குற்றாலம், இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு சந்தேகம் கேட்பவன். மூவரும் சேர்ந்து 'பேராச்சி இட்லிப்பொடி' என்று வீட்டிலேயே ஒரு தொழில் நடத்தினார்கள். நடத்தினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உளுந்து வறுப்பது, மிளகாய் வறுப்பது, இடிப்பது, சலிப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் ஆவுடையப்பனின் மனைவி பேராச்சி. பொட்டலத்தில் அச்சடித்திருந்த படம் மட்டும் மூன்று சகோதரர்களுடையது.

ஒரு தடவை பேராச்சி காய்ச்சலில் படுத்திருந்தபோது, படுக்கையில் இருந்தபடியே "ஒரு கை உப்பு போடுங்க" என்றாள். யார் கை என்று அவள் சொல்லவில்லை. காலையில் இருந்து விவாதித்தார்கள். ஒருத்தர் கையைப் போட்டால் மற்ற இருவர் மனசு சங்கடப்படும் என்று கடைசியில் மூன்று பேரும் ஒவ்வொரு கை போட்டார்கள். அந்தப் பொடியை வாங்கியவர்கள் இன்றைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வீடு ரயில்பெட்டி மாதிரி. முன்னால் பட்டாசல் என்கிற கூடம், அதற்குப் பின்னால் சாமான் வைக்கும் அரங்கு, அடுத்து அடுக்களை, கடைசியில் ஒரு பின்கட்டு. ஆக நாலு அறை. மேலே சீமை ஓடு. பட்டாசலைத் தவிர மற்ற இடமெல்லாம் மழைக்கு ஒழுகும். போன ஐப்பசியில் அரங்கில் வைத்திருந்த நாற்பது கிலோ பொடியும் நனைந்து களியாகிப் போனது. பேராச்சி அதை இரண்டு கையாலும் வழித்துத் தெருவில் கொட்டிவிட்டு, அந்தக் கையோடு வந்து நின்றாள். அவள் அழுததை அன்றுதான் சகோதரர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

"இங்கேருங்க. அடுத்த ஐப்பசிக்குள்ள ஓடு மாத்தணும். மாத்தலைன்னா நான் கடையநல்லூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொடிப் பக்குவமும் என் கூடவே வந்துரும். பொறவு நீங்க மூணு பேரும் உங்க படத்தைத்தான் இட்லிக்குத் தொட்டுக்கணும்" என்றாள்.

ஓடு மாற்றப் பணம்? இருந்தது. ஆனால் அது வருமான வரிக்கென்று எடுத்து வைத்த பணம். வரியைக் குறைக்க வழி உண்டா என்று கேட்க, திருநெல்வேலி ஜங்ஷனில் மாடியில் இருந்த ஆடிட்டர் வைத்தமாநிதியிடம் மூவரும் போனார்கள்.

"வீட்டிலேயே தொழில் பண்றீங்க இல்லையா? அப்போ வீட்டுச் செலவுல ஒரு பங்கைத் தொழில் செலவாக் காட்டலாம். வரி குறையும். எத்தனை ரூம்?" என்றார் ஆடிட்டர்.

"நாலு சார்."

"ஒரு ரூமைத் தொழிலுக்குன்னு ஒதுக்கிடுங்க. அங்க தொழிலைத் தவிர வேற எதுவும் நடக்கக் கூடாது. அப்போ கரண்ட் பில், ரிப்பேர் எல்லாத்திலேயும் நாலுல ஒரு பங்கு காட்டலாம். இன்னொண்ணு, எது வாங்கினாலும் ரசீது வேணும். ரசீது இல்லாம என் மாடிப்படி ஏறாதீங்க."

சங்கிலி துண்டில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டான். ஒன்று அறைக்கு, ஒன்று ரசீதுக்கு.

வீட்டுக்கு வந்ததும் பட்டாசலை ஒதுக்கினார்கள். அரசாங்கம் தெருவில் நின்று எட்டிப் பார்த்தாலும் தெரியும் என்பது ஆவுடையப்பனின் கணக்கு. மற்ற மூன்று அறைக்கும் போக அதுதான் வழி என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அடுக்களையில் சோறு வெந்துவிட்டது. குற்றாலம் தெருவில் இருந்து வந்து வாசல்படியில் நின்றான்.

"அண்ணே, நான் சாப்பிடப் போறேன். சாப்பாடு தொழிலா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "இல்லைல. சாப்பாடு குடும்பம்."

"அப்ப பட்டாசல்ல எப்படிக் கால் வைக்க?"

மூவரும் படியில் நின்றே யோசித்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன் வழி கண்டார். உள்ளே வருகிறவன் பட்டாசலில் ஒரு பொட்டலம் பொடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்குவது வியாபாரம். வியாபாரம் செய்துகொண்டே நடந்து போனால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கென்று குற்றாலத்துக்கு வயிறு சரியில்லை, கழிப்பறையோ பின்கட்டுக்கும் அந்தாண்டை. தெருவுக்கும் பின்கட்டுக்குமாக அவன் ஒருவனே பதினோரு பொட்டலம் வாங்கினான்.

மத்தியானம் வேறொரு சிக்கல். சங்கிலி சாப்பிட்டுவிட்டுப் பட்டாசலில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

"அண்ணே, குறட்டை தொழில் இல்லையே" என்றான் குற்றாலம்.

"எழுப்பாத. எழுப்பினா தூங்கினதா ஆயிரும். இப்ப இவன் வாட்ச்மேன். காவலுக்கு இருக்கவன் தூங்குதது உலகத்துல உள்ளதுதான்" என்றார் ஆவுடையப்பன்.

பட்டாசல் மின்விசிறிக்கும் சட்டம் வந்தது. அது தொழில் கரண்டில் சுற்றுவதால் பொடிக்கு மட்டும்தான் சுற்ற வேண்டும். மனுஷன் அடியில் உட்கார்ந்தால் அது சொந்தக் காற்று. ஆகவே நடுவில் ஒரு பொடிப் பொட்டலத்தை வைத்து, அதற்கு மேலே விசிறியைச் சுற்றவிட்டு, மூன்று சகோதரர்களும் சுவரோரமாக ஒட்டி உட்கார்ந்து வேர்த்தார்கள். காற்றில் பொட்டலம் தங்கள் பக்கம் நகரும்போதெல்லாம் அதை மரியாதையாக நடுவுக்குத் தள்ளி வைத்தார்கள்.

பேராச்சி இதையெல்லாம் பார்த்தாள். அவளுக்கு உளுந்து வறுக்க நேரமே சரியாக இருந்தது.

"என்னமும் பண்ணுங்க. ஓடு மாறினாப் போதும்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முடிச்சு ரசீது. பொடிக்குக் கொப்பரை வாங்கச் சந்தைக்குப் போன குற்றாலம், கொப்பரை விற்கும் மாடத்தியிடம் ரசீது கேட்டான். மாடத்திக்கு எழுதத் தெரியாது.

"கைரேகை வேணா வைக்கேன். தாள் இருக்கா?" என்றாள் அவள்.

தாள் இல்லை. ஆனால் மை டப்பா கொண்டு போயிருந்தான். தாளில் வைத்தால் எந்தக் கொப்பரைக்கு என்று எப்படித் தெரியும் என்ற சந்தேகமும் அவனுக்கு வந்துவிட்டது. சந்தேகம் கேட்பதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே. இருபத்துநாலு கொப்பரை மூடியிலும் தனித்தனியாக அவள் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினான். ஆனால் பேராச்சியிடம் ஒரு சாவி இருந்தது. மறுநாள் உரல் பக்கம் போன ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆதாரத்தை இடிச்சுட்டாளே! நாலு ரசீதைப் பொடியாக்கிட்டாளே!"

"கொப்பரை எதுக்கு வாங்குனது? இடிக்கத்தான?" என்றாள் பேராச்சி.

"அது கொப்பரையா இருந்தப்ப, ஏட்டி. ரேகை வச்சதும் அது ரசீது. ரசீதைச் சாப்பிட்டா கவர்மெண்டு சும்மா விடுமா?"

மிச்சம் இருபது ரசீதையும் காப்பாற்ற, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் மறுபடி ஜங்ஷனுக்குப் போனார்கள். பெட்டியைத் திறந்ததும் வைத்தமாநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கொப்பரை கொப்பரையாகவே இருந்தது. அவர் விற்பனை நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"விற்பனை திடீர்னு ரெண்டு மடங்காயிருக்கே! அப்போ வரியும் ஏறுமே. யார் இவ்வளவு வாங்கினது?"

"நாங்கதான் சார்" என்று மூவரும் பெருமையாகச் சொன்னார்கள்.

வைத்தமாநிதி ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். நல்ல மனுஷன். விரட்டவில்லை. அந்தப் பக்கங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அதெல்லாம் விடுங்க. நான் பார்த்துக்கறேன். ஓடு மாத்தற வேலையை மட்டும் சீக்கிரம் முடிங்க. அந்தச் செலவுல நாலுல ஒரு பங்கைக் கவர்மெண்டு ஏத்துக்கும். மீதி மூணு பங்கு உங்க சொந்தச் செலவு. புரிஞ்சுதா? பில்லை மட்டும் அனுப்புங்க. தயவுசெய்து தாள்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து இதை ஆராய்ந்தார்கள்.

"நாலுல ஒரு பங்குதான ஏத்துக்குவாவ? அப்ப நாலுல ஒரு பங்கு ஓட்டை மாத்தினாப் போதும்" என்றார் ஆவுடையப்பன்.

"மீதி?" என்றான் குற்றாலம்.

"மீதி சொந்தச் செலவுன்னு ஆடிட்டரே சொல்லிட்டாவல்லா. தெரிஞ்சே சொந்தச் செலவு பண்ண நாம என்ன முட்டாப் பயலுவளா?"

"முட்டாப் பயலுவளா?" என்று சங்கிலி திரும்பச் சொன்னான்.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

எந்தக் கால் பங்கு என்பதில் மூன்று நாள் ஓடியது. பட்டாசலுக்கு மேலே மாற்றலாம் என்றால், ஒழுகாத இடத்தில் ரிப்பேர் செய்வது பொய்க்கணக்கு. அரங்குக்கு மேலே மாற்றலாம் என்றால், அது குடும்பத்துப் பங்கு. அரசாங்கத்துக்கும் துரோகம் இல்லாமல், குடும்பத்துக்கும் துரோகம் இல்லாமல் ஒரு முடிவு வேண்டும். கடைசியில் ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்று ஓட்டை விட்டு ஒரு ஓடு. வீடு பூராவும் மூன்று பழசு, ஒரு புதுசு. இதைவிட நியாயமாக யாரும் பங்கு போட முடியாது.

பேராச்சி அந்தச் சமயம் ஊரில் இல்லை. தீபாவளி ஆர்டருக்கு அறுபது கிலோ பொடி இடித்து டின்னில் அடைத்து வைத்துவிட்டு, அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று கடையநல்லூர் போயிருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஓட்டு வேலைக்கு வந்த தங்கையா கொத்தனார் இரண்டு தடவை ஏணியில் ஏறி இரண்டு தடவை இறங்கினார்.

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சுட்டியளா?"

"மூணு நாளு யோசிச்சிருக்கோம், வே."

"நாலாவது ஓட்டை எடுக்கணும்னா பக்கத்து ஓட்டையும் தூக்கணும். எல்லாம் அந்தக் காலத்து ஓடு. கையோட வந்துரும்."

"வந்தா வந்துட்டுப் போவுது. அது சொந்த ஓடு. அதைப் பத்தி நீரு கவலைப்படாதீரும்."

தங்கையாவும் மூன்று பிள்ளை பெற்றவர். இரட்டைக் கூலி பேசிக்கொண்டு, சொன்னபடி செய்து, தாளில் பில்லும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இறங்கும்போது கூரையில் கால் பங்கு புது ஓடு, கால் பங்கு உடைந்த ஓடு, மீதி உடையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஓடு. அதுவரை ஒழுகாத பட்டாசலிலும் வானம் தெரிந்தது. எடுத்து வைத்த பணத்தில் பாதிக்குமேல் கூலியில் போயிருந்தது.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் பேராச்சி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். தெருவில் நின்று கூரையைப் பார்த்தாள். சொத்தைப் பல் வரிசையில் நடுநடுவே தங்கப்பல் கட்டின மாதிரி இருந்தது. சகோதரர்கள் மூவரும் வாசலில் வரிசையாக நின்று பாராட்டுக்குக் காத்திருந்தார்கள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆவுடையப்பனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகரப் பெட்டியை எடுத்துச் சேலைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். ஆவுடையப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருபத்திரண்டு வருஷம் அவள் கை மணத்தில் சாப்பிட்டவர். அவள் போய்விட்டால் பொடி மட்டுமா போகும்? அது அவருக்கே தெரியும். அவருக்குத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

சங்கிலி ஒரு வாளியும் ஒரு குடமும் கொண்டுவந்தான். கூரையில் மூன்று ஓடு குடும்பம், ஒரு ஓடு தொழில் என்றால் மழையும் அப்படித்தானே? மூன்று சொட்டு குடத்துக்கு, நாலாவது சொட்டு வாளிக்கு என்று எண்ணி எண்ணிப் பிடித்தான். மழை அவன் எண்ணிக்கையை மதிக்கவில்லை.

"அண்ணே, இது ஏழாவது சொட்டா, எட்டாவது சொட்டா?" என்றான் சங்கிலி.

"சந்தேகமா இருந்தா கீழ விட்டுருல" என்றார் ஆவுடையப்பன்.

பேராச்சி சேலை மடிப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அறுபது கிலோ டின்களையும் அவளே பட்டாசல் நடுவுக்கு இழுத்துக் குவித்தாள்.

"எப்பா, இதுல ஒரு டின்னு நனைஞ்சாலும் நான் இந்த மழையிலேயே கிளம்பிருவேன். பெட்டி கட்டியாச்சு."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. சகோதரர்கள் பதறிப்போய்த் தார்ப்பாயைக் கொண்டுவந்து, டின்களுக்கு மேலே ஆளுக்கு ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆள் மூன்று. மூலை நாலு. நாலாவது மூலை தொங்கியது. மழைத் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடிவந்து, ஓரத்து டின்னுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியது.

"அந்த மூலையை ஜன்னல் கம்பியில கட்டித் தொலைங்களேன்!" என்று கத்தினாள் பேராச்சி.

"அது நம்ம மூலை இல்லட்டி. நாலுல ஒரு பங்கைக் கவர்மெண்டு ஏத்துக்கும்னு ஆடிட்டர் சொன்னாவல்லா? மூணு பங்கை நாங்க பிடிச்சுட்டோம். அவங்க பங்குக்கு அவங்க வருவாவ" என்றார் ஆவுடையப்பன்.

"வருவாவ" என்றான் சங்கிலி.

"எத்தனை மணிக்கு?" என்றான் குற்றாலம்.

தண்ணீர் அரை சாணுக்கு நெருங்கியது. பேராச்சி மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"போவாதட்டி பேராச்சி" என்றார் ஆவுடையப்பன். மூலையை மட்டும் விடவில்லை.

"மைனி, வெளிய போறது குடும்ப விஷயம்லா? பட்டாசலைத் தாண்டணும்னா ஒரு பொட்டலம் வாங்கணும்" என்றான் குற்றாலம்.

"சவத்து மூதிகளா!" என்று சொல்லிக்கொண்டே அவள் வாசல் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஆடிட்டர் வைத்தமாநிதி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதம்.

"நாளைக்குக் கடைசித் தேதி. தபாலை நம்பினா ஆகாதுன்னு நானே வந்துட்டேன். ஒரே ஒரு கையெழுத்து..."

"வந்துட்டாவ!" என்று மூன்று சகோதரர்களும் ஒரே குரலில் கூவினார்கள்.

அவருக்கு ஒன்றும் புரிவதற்குள் குற்றாலம் காலால் நாலாவது மூலையை அவர் பக்கம் தள்ளிவிட்டான். காலில் வந்து விழுந்ததை மனுஷன் குனிந்து எடுத்தார். ஈரமாக இருக்கிறதே என்று சற்றுத் தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான். தார்ப்பாய் நாலு பக்கமும் விறைத்து நின்றது. தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கி, வேட்டி வழியாக வாசலுக்கு வெளியே ஓடியது. டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

பேராச்சி டின்களைப் பார்த்தாள். ஆடிட்டரைப் பார்த்தாள். அவர் கையை இறக்கப் போனார்.

"சார், நீங்க கையை இறக்கினீயன்னா நான் இந்தப் பெட்டியோட படி இறங்கிருவேன். பொறவு இந்தத் தொழிலும் இல்ல, இந்த வீடும் இல்ல."

வைத்தமாநிதி ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, கையை மறுபடி தூக்கிக்கொண்டார்.

பேராச்சி தார்ப்பாய்க்கு அடியில் போனாள். பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்து, பொடியை நிறுத்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நாலில் ஒரு பங்கு ஆள்தான் தொழில் செய்கிறது என்பது அன்றைக்குத்தான் வெளிச்சமாகத் தெரிந்தது.

"இந்த மழை எப்போ நிக்கும்?" என்று ஆடிட்டர் ஈனசுரத்தில் கேட்டார்.

"ஐப்பசி அடைமழை சார், நாலு நாளாவது பெய்யும். பயப்படாதீய. அதுல ஒரு நாளுதான் உங்க பங்கு. மீதி மூணு நாளும் எங்க சொந்தச் செலவு" என்று ஆறுதல் சொன்னார் ஆவுடையப்பன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. குடை காற்றில் தெருக்கோடிக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போட யாருக்கும் கை இல்லை. பேராச்சி ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்தமாநிதியின் வாயில் ஊற்றினாள். அவர் குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே நனையாமல் உட்கார்ந்திருந்த ஒற்றைப் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் யோசித்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, என் குடை, சட்டை, இந்த ஒரு மணி நேரம்... இதுக்கெல்லாம் ஒரு ரசீது கிடைக்குமா?"

பேராச்சி எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ரேகை விழாத பக்கமாகப் பார்த்து ஒரு கொப்பரை மூடியில், மை தொட்ட தன் பெருவிரலை அழுத்திப் பதித்து, அவர் சட்டைப் பையில் போட்டாள்.